கம்ப்யூட்டருக்குக் கட்டுச்சோறு

நெடுமங்காட்டையும் விதுராவையும் தாண்டி மலையேறும் அரசு பஸ்ஸுக்கு போனக்காடுதான் கடைசி நிறுத்தம். திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அதற்கு மேலே போகிறவர்கள் நடந்துதான் போக வேண்டும். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கான மலைப்பாதை இங்கிருந்து தொடங்குகிறது. தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர் என்று மரபு சொல்லும் அகத்தியரின் மலை அது. அதன் அடிவாரத்தில் வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம், மூடிக் கிடக்கும் தொழிற்சாலை, தொழிலாளர் லயங்கள். தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் இந்த லயங்களில் இருக்கிறார்கள். வீட்டில் பேசுவது தமிழ். பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம். வெளியூர்க்காரர்கள் இங்குள்ள பாழடைந்த பங்களாவின் பேய்க்கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். சம்பள நிலுவை, பணிக்கொடை என்று உயிரோடு இருப்பவர்கள் சொல்லும் கதைக்கு அத்தனை கூட்டம் சேர்வதில்லை.

இந்த பஸ்ஸில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய மெஷின். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறை பிராசஸரும் வேண்டும் என்பது நிபந்தனை. இந்தத் தகுதி இல்லாத மெஷின்கள் கை, கால் நன்றாக இருக்கும்போதே பழைய சாமான் கடைக்குப் போகின்றன. அவற்றில் ஒன்றில் யாரோ ஒரு புண்ணியவான் லினக்ஸ் போட்டு லயத்து வீடு ஒன்றுக்கு அனுப்புகிறார். அந்த வீட்டில் எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். தேயிலை பறித்தே காலம் கழித்த ஒரு பாட்டி. கேள்வி இதுதான்: புதிதாக லினக்ஸ் போட்ட மெஷினில் முதல் வேலையாக எந்தெந்த சாஃப்ட்வேரை ஏற்றுவது?

இதற்கென்று ஒரு பட்டியல் உலகமெங்கும் சுற்றுகிறது. இன்னொரு பிரவுசர், பாட்டு கேட்க ஒன்று, படம் பார்க்க ஒன்று, விளையாட்டுகளுக்கு ஒன்று, புரோகிராம் எழுத நாலைந்து, திரையை அலங்கரிக்க ஏழெட்டு. நாள் முழுக்க இணையம் ஓடுகிற வீட்டை மனதில் வைத்துத் தயாரித்த பட்டியல் அது. மலைத் தோட்டங்களில் செல்போன் சிக்னல் வரும், போகும். தூரப் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டுகிறவர்கள் 'எது ருசி?' என்று முதலில் கேட்பதில்லை. 'போகிற இடத்தில் எது கிடைக்காது?' என்றுதான் கேட்பார்கள். போனக்காட்டுக்குப் போகும் கம்ப்யூட்டருக்கும் அதே கேள்விதான்.

நல்ல வேளையாக, லினக்ஸ் என்ற பெயரே அந்தப் பெண்ணுக்குப் புதிதாக இருக்காது. காரணம், அவள் கேரளத்தில் படிக்கிறாள். அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் தொடங்கிய குனு திட்டமும், ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதிய லினக்ஸ் கருவும் சேர்ந்ததே இன்று லினக்ஸ் என்று அழைக்கப்படும் இயங்குதளம். யாரும் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்பது இதன் அடிப்படை விதி. 2001 ஜூலையில் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கே வந்து இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார்.

ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயர் 'ஃப்ரீ சாஃப்ட்வேர்'. இலவசம் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்ள, 'காசு விஷயமல்ல, சுதந்திரம்' என்று ஸ்டால்மன் கூட்டத்துக்குக் கூட்டம் விளக்க வேண்டியிருக்கிறது. மலையாளத்தில் 'ஸ்வதந்த்ர' என்றும் தமிழில் 'கட்டற்ற' என்றும் பெயர் வைத்தவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை.

கேரள அரசின் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தில் தொடக்கத்தில் விண்டோஸ்தான் பாடமாக இருந்தது. ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். அதன் பிறகு பள்ளிகள் படிப்படியாக லினக்ஸுக்கு மாறின. அந்தத் திட்டம் 2017-இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென ஒரு லினக்ஸை 2019-இல் கைட் வெளியிட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் அது ஏறும் என்றும், உரிமக் கட்டணத்தில் ரூ. 3,000 கோடி மிச்சமாகும் என்றும் அப்போது கணக்குச் சொல்லப்பட்டது. இந்தக் கணக்கைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ பார்க்கலாம். ஆனால் ஒரு மாநிலமே தன் பிள்ளைகளின் கம்ப்யூட்டரில் என்ன இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தது என்பதில் சந்தேகமில்லை. பள்ளியில் அரசு செய்த அந்த யோசனையை வீட்டு மெஷினுக்கு வீட்டார்தான் செய்தாக வேண்டும்.

முதலில் ஒரு பரிசோதனை. வந்திருப்பது 64-பிட் மெஷினா, 32-பிட் மெஷினா? உபுண்டு 2017-லேயே 32-பிட் மேசைக் கம்ப்யூட்டர்களைக் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இலும் 32-பிட் பி.சி.க்களில் நிறுவும் வசதி இல்லை. மெஷின் அவ்வளவு பழையது என்றால் அதற்கு முந்தைய டெபியன் 12-ஐப் போட்டுச் சில காலம் ஓட்டலாம். 64-பிட் மெஷின், ஆனால் நினைவகம் இரண்டு அல்லது நான்கு ஜி.பி.தான் என்றால் எக்ஸ்.எஃப்.சி.இ. அல்லது எல்.எக்ஸ்.கியூ.டி. என்ற எளிய திரைச் சூழல் போதும். பளபளப்பு குறையும், மெஷின் மூச்சு வாங்காது.

அடுத்து, சாஃப்ட்வேர் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் பழக்கம் உள்ளவர்கள் ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில் தேடி இறக்குவார்கள். போலிப் பதிப்பும் வைரஸும் நுழையும் வாசல் அதுதான். லினக்ஸில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு களஞ்சியம் உண்டு. டெபியன் 13-இன் களஞ்சியத்தில் ஏறத்தாழ 70,000 தொகுப்புகள் இருக்கின்றன. மின்னணு முத்திரையிட்ட பட்டியலோடு அவை வருகின்றன. வழியில் யாராவது கைவைத்திருந்தால் முத்திரை ஒத்துப்போகாது, மெஷின் ஏற்க மறுத்துவிடும். ஒரு சாஃப்ட்வேருக்கு வேறு மூன்று துணைக் கோப்புகள் வேண்டுமென்றால் அவற்றையும் களஞ்சியமே சேர்த்துக் கொடுக்கும்.

களஞ்சியம் இணையத்தில் இருக்கிறது, வீடு மலையில் இருக்கிறது. இந்த இடைவெளிக்குத்தான் முதல் சாஃப்ட்வேர். பெயர் 'ஏ.பி.டி.-ஆஃப்லைன்'. டெபியன் உருவாக்குநர்களில் ஒருவரான இந்தியர் ரித்தேஷ் ராஜ் சராஃப் எழுதியது. வேலை செய்யும் விதம் மளிகைக்கடைச் சீட்டு மாதிரி. வீட்டு மெஷின் தனக்கு வேண்டியவற்றை ஒரு சிறிய கோப்பில் எழுதி பென் டிரைவில் கொடுத்துவிடும். பென் டிரைவ் பஸ்ஸில் விதுராவுக்கோ நெடுமங்காட்டுக்கோ இறங்கி, இணையம் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரில் செருகப்பட்டு, சரக்கோடு மேலே வரும். அந்த இன்னொரு கம்ப்யூட்டர் விண்டோஸில் ஓடினாலும் பரவாயில்லை. அது யாருடையது, எவ்வளவு நம்பகமானது என்ற கவலையும் குறைவு. முத்திரையைச் சரிபார்ப்பது வீட்டு மெஷின்தான்.

மலைக்கு அனுப்புவதற்கு முன்பே செய்துவிட வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. லினக்ஸ் போட்ட உடனே எல்லாவற்றையும் ஒருமுறை புதுப்பித்துவிட வேண்டும். முதல் புதுப்பிப்பு நூற்றுக்கணக்கான எம்.பி.யை எளிதில் விழுங்கும். செல்போன் டேட்டாவை நம்பி மலைமேல் அதைத் தொடங்கினால் பாதியில் நிற்கும்.

இரண்டாவது, தமிழ். மற்ற பட்டியல்களில் இது கடைசியில் வரும், அல்லது வரவே வராது. இந்த வீட்டுக்கு இதுதான் தலையாயது. எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் வரிகள் கட்டம் கட்டமாகத் தெரியும். லோஹித் தமிழ், நோட்டோ தமிழ் என்ற இரண்டு எழுத்துருக் குடும்பங்களும் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. இரண்டையும் போட்டுவிட்டால் படிப்பதற்குக் குறையில்லை.

எழுதுவதற்குத்தான் யோசனை வேண்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை, தமிழின் இயல்பறிந்து அமைக்கப்பட்டது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, ஆக 31 விசைகள். உயிர் ஒரு பக்கம், மெய் மறுபக்கம். ககரத்தை இரண்டு முறை அழுத்தினால் முதல் ககரத்துக்குத் தானாகப் புள்ளி விழும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தாலும் அப்படியே. தமிழில் தட்டச்சை இன்றுதான் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை. இந்தத் தானியங்கிப் புள்ளி லினக்ஸில் விழ வேண்டுமானால் 'ஐபஸ்' என்ற உள்ளீட்டுக் கருவியையும் 'எம்17என்' என்ற தொகுப்பையும் ஏற்றியாக வேண்டும்.

ஆனால் இந்தப் பெண் இன்றுதான் தொடங்குகிறவள் அல்ல. கேரளப் பள்ளிகளில் மலையாளத் தட்டச்சுக்குப் பழக்கப்படும் விசைப்பலகை இன்ஸ்கிரிப்ட். மத்திய அரசின் மின்னணுத் துறை இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1980-களில் வகுத்தது. இந்தி ககரம் எந்த விசையில் இருக்கிறதோ அதே விசையில்தான் மலையாளக் ககரம், தமிழ்க் ககரம். 'ஒவ்வொரு மொழிக்கும் ஓர் இயல்பு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரே சட்டை தைக்காதே' என்று தமிழ் ஆர்வலர்கள் இதை ஒதுக்கியதில் நியாயம் உண்டு. ஆனால் போனக்காட்டில் அந்தக் குறையே வசதியாக மாறுகிறது. பள்ளியில் மலையாளம் அடிக்கப் பழகிய விரல்கள், மொழியைத் தமிழுக்கு மாற்றிய மாத்திரத்தில் தமிழ் அடிக்கும். இரண்டு மொழிக்கும் சொந்தமான ழகரமும் றகரமும்கூட இடம் மாறுவதில்லை. இன்ஸ்கிரிப்டைத் தனியாக ஏற்றவும் வேண்டாம். பெரும்பாலான லினக்ஸ்களில் அது கூடவே வருகிறது, அமைப்புப் பகுதியில் தேர்ந்தெடுத்தால் போதும். சென்னைக்காரர் தயாரித்த பட்டியல் தமிழ்99 என்று சொல்லும். இந்த வீட்டுக்குச் சரியானது இன்ஸ்கிரிப்ட். எது அத்தியாவசியம் என்பதை மெஷின் முடிவு செய்வதில்லை, அதன் முன்னால் உட்காருகிறவர்தான் முடிவு செய்கிறார் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் இல்லை.

மூன்றாவது, எழுதவும் கணக்குப் போடவும் லிபர் ஆஃபீஸ். ஓப்பன் ஆஃபீஸிலிருந்து 2010-இல் பிரிந்து வந்தது. சில லினக்ஸ்களில் ஏற்கெனவே இருக்கும். சிலவற்றில் சுருக்கப் பதிப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால் இருக்காது. தமிழ் எழுத்துப்பிழை திருத்தியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. வேற்றுமை உருபும் சாரியையும் இடைச்சொல்லும் ஒட்டிக்கொண்டு ஒரு தமிழ்ச் சொல் நூறு வடிவம் எடுக்கும். அகராதிப் பட்டியலை வைத்துப் பார்க்கும் திருத்தி, சரியான சொல்லின் கீழும் சிவப்புக் கோடு போட்டுவிடும்.

இங்கே பாட்டியின் பக்கம் திரும்பலாம். நாட்கூலிக்கு வேலை செய்தவருக்குப் பணிக்கொடை எவ்வளவு என்பதற்கு 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஒரு கணக்கு வகுத்தது. பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி. கடைசிக் கூலி நாளுக்கு 300 ரூபாய், பணியாற்றியது 20 ஆண்டு என்றால் 300-ஐ 15-ஆலும் 20-ஆலும் பெருக்கினால் 90,000 ரூபாய். லிபர் ஆஃபீஸின் கணக்குத் தாளில் ஒரே ஒரு சூத்திரம். லயத்தில் இருக்கும் எல்லோருடைய பெயர், சேர்ந்த ஆண்டு, நின்ற ஆண்டு, கடைசிக் கூலி ஆகியவற்றை வரிசையாக அடித்துவிட்டால் ஒவ்வொருவருக்கும் என்ன வர வேண்டும் என்பது ஒரு பக்கத்தில் தெரியும். எட்டாம் வகுப்புப் பெண் ஒரு மாலைப் பொழுதில் முடிக்கக்கூடிய வேலை. அந்தக் கணக்கை அதிகாரி ஏற்பாரா, தோட்ட நிர்வாகம் கொடுக்குமா என்பதெல்லாம் வேறு வழக்கு. ஆனால் 'பாக்கி இருக்கிறது' என்று வாயால் சொல்வதற்கும், ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

மனுவை எந்த மொழியில் எழுதுவது? அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. குறை தீர்க்கக் கோரும் மனுவை மத்திய, மாநில அரசுகளின் எந்த அதிகாரியிடமும், ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் மொழிகளில் எதில் வேண்டுமானாலும் கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. பாட்டி தமிழில் சொல்லச் சொல்ல, பேத்தி தமிழிலேயே அடித்து, பாட்டி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம். சட்டம் எப்போதோ கொடுத்துவிட்ட உரிமை. அதைத் தாளில் இறக்க ஓர் எழுத்துருவும் ஒரு விசைப்பலகையும் போதும்.

நான்காவது, காகிதங்களைப் படிக்கும் சாஃப்ட்வேர். அலுவலகத்திலிருந்து வரும் பதில் மலையாளத்தில் இருக்கும். பழைய சம்பளச் சீட்டுகளும் ஆணைகளும் மழைக்கால ஈரத்தில் நைந்துகொண்டிருக்கும். ஸ்கேனர் இருந்தால் 'சிம்பிள் ஸ்கேன்' போதும். இல்லாவிட்டால் செல்போனில் பளிச்சென்று ஒரு படம் எடுத்து மெஷினுக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்தப் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது 'டெசராக்ட்'. ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் 1985-க்கும் 1994-க்கும் இடையில் உருவாக்கி, பிறகு கிடப்பில் போட்டு, 2005-இல் பொதுவில் விட்டது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் தனித்தனியாக அதன் மொழிக் கோப்புகள் உண்டு. இரண்டையும் ஏற்றிவிட்டால் இருமொழிக் காகிதத்தையும் படிக்கும். அச்செழுத்து என்றால் பெருமளவு சரியாக வரும். கையெழுத்து என்றால் கையை விரித்துவிடும். வந்த எழுத்தை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது மனிதர் வேலைதான். ஒரு சுழியம் விட்டுப்போனாலும் 90,000 ரூபாய் 9,000 ஆகிவிடும்.

ஐந்தாவது, படிப்பு. இணையம் இல்லாத வீட்டுக்கு 'கிவிக்ஸ்' ஒரு வரப்பிரசாதம். விக்கிப்பீடியாவை மொத்தமாக ஒரே கோப்பாகச் சுருட்டி பென் டிரைவில் கொண்டுவரலாம். கிவிக்ஸ் அதைத் திறந்து காட்டும், தேடித் தரும். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. மலையாளத்துக்கும் தனிக் கோப்பு உண்டு. படங்கள் இல்லாத பதிப்பு இன்னும் சிறியது, பழைய மெஷினுக்கு அதுவே நல்லது. இதோடு கணிதத்துக்கு ஜியோஜீப்ரா, வேதியியல் தனிம அட்டவணைக்குக் கால்சியம், வானத்துக்கு ஸ்டெல்லேரியம். கடைசியாகச் சொன்னது பழைய மெஷினில் திணறும் என்றால் விட்டுவிடலாம். நகர வெளிச்சம் எட்டாத மலையில் மேகம் விலகினால் வானம் தானாகவே தெரியும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் ஜிகாம்ப்ரி என்ற விளையாட்டுத் தொகுப்பு அவர்களுக்கு.

ஆறாவது, வி.எல்.சி. பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய இந்த வீடியோ இயக்கி, எந்த வகைக் கோப்பைக் கொடுத்தாலும் ஓட்டிவிடும். இது ஏன் அவசியம்? சில வீடியோ, ஆடியோ முறைகளுக்குச் சில நாடுகளில் காப்புரிமைச் சிக்கல் உண்டு. அதனால் சில லினக்ஸ்கள் அவற்றை இயக்கும் கோப்புகளைக் கூடவே தருவதில்லை. ஆசிரியர் பென் டிரைவில் கொடுத்த பாட வீடியோ ஓடாமல் நின்றால் 'லினக்ஸே இப்படித்தான்' என்று பழி வரும். வி.எல்.சி. அந்தப் பழியைத் துடைத்துவிடும்.

ஏழாவது, பாதுகாப்பு. இடியும் மின்வெட்டும் சேர்ந்து வரும் ஊரில் இது கடைசிக் கவலையாக இருக்க முடியாது. 'டைம்ஷிஃப்ட்' என்ற சாஃப்ட்வேர் லினக்ஸின் நிலையை அவ்வப்போது படம் பிடித்து வைக்கும். ஒரு புதுப்பிப்பு கெடுத்துவிட்டால் முந்தைய நாளுக்குத் திரும்பலாம். ஆனால் அது காப்பது இயங்குதளத்தை. பாட்டியின் சம்பளச் சீட்டுகளையும் பேத்தியின் கணக்குத் தாளையும் காப்பதற்கு 'டேஜா டூப்' மாதிரி வேறொன்று வேண்டும். அதில் எடுத்த பிரதி அதே மெஷினில் இருந்தால் பயனில்லை. தனி பென் டிரைவில் எடுத்து, முடிந்தால் வேறு வீட்டில் வைக்க வேண்டும். பல வீட்டுப் பிள்ளைகள் ஒரே மெஷினில் உட்காருவார்கள் என்றால் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் தேவை. ஆதார் நகல் இருக்கும் இடத்தில் எல்லோரும் கைவைக்கக் கூடாது.

வைரஸ் தடுப்பு? லினக்ஸைத் தாக்கும் வைரஸ்கள் வீட்டு மெஷின்களுக்கு வருவது அபூர்வம். ஆனால் பஸ்ஸில் ஏறி இறங்கும் பென் டிரைவ் விண்டோஸ் நோய்களைக் கடைக்குக் கடை சுமந்துபோகும். 'கிளாம் ஏ.வி.' போட்டு அவ்வப்போது பென் டிரைவைச் சோதிப்பது, தனக்காக இல்லாவிட்டாலும் அடுத்தவருக்காகச் செய்யும் நாகரிகம்.

பட்டியல் இத்தோடு நிற்கலாம். எல்லாம் இலவசம் என்பதால் இன்னும் நூறு போடத் தோன்றும். அடக்கிக்கொள்வது நல்லது. ஏற்றிய ஒவ்வொன்றுக்கும் புதுப்பிப்பு வரும், ஒவ்வொரு புதுப்பிப்பும் பென் டிரைவில் மலையேற வேண்டும். பயன்படாத சாஃப்ட்வேர் சுமைகூலி இல்லாத சுமையல்ல.

லினக்ஸ் சர்வரோக நிவாரணி என்று சொல்ல வந்ததாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சில பிரிண்டர்களுக்கும் ஸ்கேனர்களுக்கும் லினக்ஸில் உரிய டிரைவர் கிடைப்பதில்லை, வாங்கும் முன் விசாரிக்க வேண்டும். சில வேலைகளுக்கு விண்டோஸ் மட்டுமே என்று அடம் பிடிக்கும் சாஃப்ட்வேர்களும் இருக்கின்றன. அந்த வேலைக்குக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, மெஷின் கோளாறு செய்தால் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். கேரளத்தில் இதற்கு ஒரு வசதி உண்டு. பள்ளிகளில் ஆண்டுக்கணக்காக லினக்ஸ் ஓடுவதால் அதைத் தெரிந்த ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தமிழகத்தில் எல்காட் நிறுவனம் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். காலத்தில் லினக்ஸுக்கு மாறியது. 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆனால் பாடத்திட்டமும் தேர்வும் லினக்ஸை ஒட்டி அமையவில்லை. இரண்டும் இருந்த லேப்டாப்பில் பிள்ளைகள் பழகியதையே திறந்தார்கள். கொடுப்பதோடு வேலை முடிவதில்லை என்பதற்கு அது ஒரு பாடம்.

ஆகவே, மலைக்கு ஒரு மெஷினை அனுப்புகிறவர்கள் அதைக் கட்டி பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன் ஒரு நாள் செலவிட வேண்டும். நெடுமங்காட்டிலேயே புதுப்பித்துவிட வேண்டும். தமிழ், மலையாளம் இரண்டிலும் நாலு வரி அடித்து, அச்செடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு வீடியோவை ஓட்டிப் பார்க்க வேண்டும். இணையத்தைப் பிடுங்கிவிட்டு எல்லாம் வேலை செய்கிறதா என்று மறுபடியும் பார்க்க வேண்டும். கூடவே காலியான பென் டிரைவ் இரண்டு கொடுக்க வேண்டும். ஒன்று பஸ்ஸில் போய் வர, மற்றொன்று பாட்டியின் காகிதங்களுக்கு.

லினக்ஸைப் பிரதி எடுத்துக் கொடுப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு வந்த பென் டிரைவ் அடுத்த வீட்டுக்கும் போகலாம், அங்கும் ஒரு கணக்குத் தாள் திறக்கலாம். தேயிலைத் தொழிற்சாலையின் பேரேடு எந்த அறையில் செல்லரித்துப் போயிருந்தாலும், லயத்துக்காரர்கள் கையில் தங்கள் கணக்கின் பிரதி ஒன்று இருக்கும். அது தமிழில் இருக்கும்.